கமிசாடோ: இரவுத் தாக்குதலும் அடையாளமும்

சொற்கள் பிறப்பதற்குக் காரணம் இருப்பது போலவே அவை வழக்கொழிவதற்கும் காரணம் உண்டு. சிலபோது ஒரு பொருள் மறைய அதன் பெயரும் உடன் மறைகின்றது. சிலபோது பொருள் நிலைத்து நிற்கப் பெயர் மட்டும் மறைகின்றது. ஆங்கில மொழியிற் பதினாறாம் நூற்றாண்டிற் புகுந்து, சில தலைமுறைகள் வழங்கி, இன்று பேரகராதிகளில் மட்டும் காணப்படும் ‘கமிசாடோ’ என்னும் சொல் இரண்டாவது வகையைச் சார்ந்தது. இரவு வேளையிலே, பகைவர் சோர்ந்திருக்கும் தறுவாயில், அவர் பாசறை மேலோ நகர் மேலோ எதிர்பாரா வகையிற் பாய்ந்து தாக்குதல் என்பது அதன் பொருள். அத்தகைய தாக்குதல்கள் உலகில் ஒழிந்தபாடில்லை. சொல் மட்டுமே ஒழிந்தது. அஃது ஏன் தோன்றியது, ஏன் ஒழிந்தது என்று ஆராயுமிடத்துப் போர் பற்றிய ஓர் அடிப்படை உண்மை வெளிப்படுகின்றது. அவ்வுண்மை நம் தமிழிலக்கணத்துக்கும், நாம் வாழும் இக்கிழக்குக் கரையின் வரலாற்றுக்கும் புறம்பானதன்று.

கமிசாடோ என்னும் சொல்லின் வேர் சட்டையாகும். போர்த்துக்கேய மொழியிலும் இசுப்பானிய மொழியிலும் சட்டையைக் ‘கமிசா’ என்பர். இரவிலே தாக்கச் செல்லும் வீரர் தம் இரும்புக் கவசத்தின் மேல் ஒரு வெள்ளைச் சட்டையை அணிந்து சென்றனர். இருளிலே, கைகலந்த போரிலே, தம்மவர் இவர் என்று ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கு அவ்வெண்மை துணை செய்தது. ஆதலின் அத்தாக்குதலையே ‘சட்டைத் தாக்குதல்’ என வழங்கலாயினர். பிரெஞ்சுக்காரர் அதனைக் ‘கமிசாட்’ என்றனர். ஆங்கிலேயர் இசுப்பானிய ஓசையைத் தழுவிக் ‘கமிசாடோ’ என்றனர்.

கமிசா என்னும் சொல்லின் வரலாறு மேலும் சுவையுடையது. அதன் மூலமாகிய ‘கமிசியா’ பிற்கால இலத்தீனிற் காணப்படுவது. கி. பி. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த எரோம் முனிவர், குருமாரின் உடையை விளக்கி எழுதிய ஒரு கடிதத்தில், போர்வீரர் உடலோடு ஒட்டி அணியும் நார்ப்பட்டாடைக்கு இப்பெயர் வழங்குவதைக் குறிப்பிடுகின்றார். ஆகவே, தொடக்கத்திலேயே இது படைவீரர் உடையின் பெயராக இருந்தது. அரபு மொழியிற் சட்டையைக் குறிக்கும் ‘கமீஸ்’ என்னும் சொல்லும் இதனோடு உறவுடையதென்று மொழியறிஞர் கருதுவர். நபி யூசுபின் வரலாற்றைக் கூறும் திருக்குர்ஆன் அத்தியாயத்திலே இச்சொல் பயில்கின்றது. அவ்வரலாற்றில் மூன்றிடங்களிற் சட்டை சான்றாக நிற்கின்றது. சகோதரர் பொய்க்குருதி தோய்த்துக் கொணர்ந்தது ஒரு சட்டை. பின்புறம் கிழிந்திருந்தமையால் யூசுபின் குற்றமின்மையை மெய்ப்பித்தது ஒரு சட்டை. தந்தையின் முகத்தில் இடப்பட்டு அவர்க்குப் பார்வையை மீட்டுத் தந்தது ஒரு சட்டை. ஆளை அறிவிக்கும் அடையாளமாகச் சட்டையைக் கொள்ளுதல் மிகப் பழைய வழக்கு என்பதற்கு இது போதும்.

போர்த்துக்கேயர் வாயிலாக இச்சொல் இலங்கைக்கும் வந்தது. சிங்கள மொழியிற் சட்டையை இன்றும் ‘கமிசய’ என்கின்றனர். கதிரை, சப்பாத்து, குசினி, விறாந்தை என்று ஈழத்துத் தமிழர் நாடோறும் வழங்குஞ் சொற்களும் அதே கப்பல்களில் வந்தவையே. சட்டையின் பெயர் இத்தீவிற் குடியேறியது. சட்டைத் தாக்குதலின் பெயரோ ஐரோப்பாவிலேயே நின்றுவிட்டது.

இனி, இப்பெயருக்குரிய தாக்குதல்களுட் சிலவற்றை நோக்குவோம். வட இத்தாலியிலுள்ள பவியா என்னும் நகரை 1524 ஆம் ஆண்டின் இறுதியிற் பிரான்சிய மன்னன் முதலாம் பிரான்சிசு முற்றுகையிட்டான். நகரை மீட்கப் பேரரசன் ஐந்தாம் சார்ள்சின் படை வந்தது. 1525 பெப்ரவரி 23 ஆம் நாள் இரவு, நகருக்கு வடக்கேயிருந்த பரந்த வேட்டைக்காட்டின் மதிலை அப்படையினர் உடைக்கத் தொடங்கினர். தம்மை அடையாளங் காண வெள்ளைச் சட்டைகளை அணிந்திருந்தனர். மதில் எண்ணிய வேகத்தில் உடையவில்லை. இரவு முழுதும் அவ்வேலையிற் கழிந்தது. ஆயினும், விடியற்காலை மூடுபனியில் அவர்கள் உட்புகுந்தபோது பிரான்சியர் தம் படையை ஒன்றுசேர்க்க இயலவில்லை. 24 ஆம் நாள் முற்பகல் முடியுமுன் பிரான்சிய மன்னனே சிறைப்பட்டான். ஐரோப்பிய அரசியலின் போக்கையே மாற்றிய போர்களுள் இஃது ஒன்று.

பவியா வெற்றிக்கு எடுத்துக்காட்டாயின், பூலோன் தோல்விக்கு எடுத்துக்காட்டு. ஆங்கில மன்னன் எட்டாம் கென்றி 1544 செப்டெம்பரிற் பிரான்சின் வட கரையிலுள்ள பூலோன் நகரைக் கைப்பற்றித் தன் நாடு திரும்பினான். ஒக்டோபர் மாதத்தில் ஒருநாள் இரவு பிரான்சியர் சட்டையணிந்து கீழ்நகரிற் புகுந்தனர். காவலர் சோர்ந்திருந்தமையால் நுழைதல் எளிதாயிற்று. நுழைந்த பின்னரோ வீரர் கொள்ளையிற் சிதறினர். யார் எங்கே நிற்கின்றனர் என்பது தலைவர்க்குத் தெரியவில்லை. மேல்நகரிலிருந்த ஆங்கிலேயர் இறங்கிவந்து அவர்களை விரட்டிவிட்டனர். அத்தாக்குதலிற் பங்குகொண்ட மொன்லுக் என்னும் தளபதி முதுமையில் எழுதிய நினைவுநூலில் இந்நிகழ்ச்சியை விரித்துரைத்துள்ளார். வெள்ளைச் சட்டை அணிந்திருந்தும் அவர்கள் தோற்றனர். அடையாளம் உடையில் இருந்ததேயன்றி ஒழுங்கில் இருக்கவில்லை.

மூன்றாவது நிகழ்ச்சி 1572 செப்டெம்பரில் மொன்சு நகருக்கு அருகே நடந்தது. ஒல்லாந்தரின் விடுதலைத் தலைவரான ஒறேஞ்சு இளவரசர் வில்லியம் பாசறையில் உறங்கிக்கொண்டிருந்தார். யூலியன் ரொமேரோ என்னும் இசுப்பானியத் தளபதி ஏறத்தாழ 600 வீரரோடு சட்டையணிந்து உட்புகுந்தான். காவலர் வெட்டுண்டனர். இளவரசரின் படுக்கையிற் கிடந்த சிறு நாயொன்று குரைத்து அவரை எழுப்பியதென்றும், அவர் குதிரையேறித் தப்பினாரென்றும் வரலாற்றாசிரியர் கூறுவர். டெல்வ்ற் நகரக் கோயிலில் உள்ள அவரது கல்லறைச் சிற்பத்தின் காலடியில் ஒரு நாய் படுத்திருக்கின்றது. அந்நாய் எழுந்திராவிடின் ஒல்லாந்தின் வரலாறு வேறாகியிருக்கலாம். அந்நாட்டார் பின்னர் 1638 இல் மட்டக்களப்புக்கு வந்த வரலாறும் வேறாகியிருக்கலாம்.

இம்மூன்று நிகழ்ச்சிகளிலிருந்தும் புலனாவது ஒன்றுண்டு. எதிர்பாராத் தாக்குதலின் வெற்றி பகைவனின் உறக்கத்தால் மட்டும் கிட்டுவதன்று. பகைவனுக்கு மறைந்து செல்பவன் தன்னவர்க்கு மறையாதிருத்தல் வேண்டும். இருள் இருபுறமும் கூருடைய வாள் போன்றது. அது பகைவனின் கண்ணை மறைப்பது போலவே தாக்குவோனின் கண்ணையும் மறைக்கின்றது. வெள்ளைச் சட்டை அவ்விடர்க்குக் கண்ட மருந்தாகும். பதினேழாம் நூற்றாண்டு முதல் ஐரோப்பியப் படைகளில் ஒரேவகைச் சீருடை பரவலாயிற்று. அதன் பின் தனியாக ஒரு சட்டை வேண்டப்படவில்லை. சொல் வழக்கொழிந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இவ்வுண்மையைத் தமிழர் அறியாரல்லர். தொல்காப்பியப் புறத்திணையியல் போரொழுக்கங்களை வகுக்குமிடத்து முதலில் வைப்பது வெட்சித்திணை. வேந்தன் ஏவலாற் சென்று பகைவர் நாட்டு ஆநிரையைக் களவிற் கவர்ந்து வருதலே வெட்சி. அகத்திணையாகிய குறிஞ்சிக்கு வெட்சியைப் புறமாக ஆசிரியர் வகுத்தமைக்குக் களவென்னும் பொதுமையை உரையாசிரியர் காரணமாகக் காட்டுவர். தலைவன் இரவுக்குறியில் மறைந்து வருவது போல வெட்சி மறவரும் மறைந்து வருகின்றனர். ஆகவே, எதிர்பாராத் தாக்குதலைத் தமிழிலக்கணம் இழிந்ததென ஒதுக்கவில்லை. போரின் தொடக்கமாகவே அதற்கு இடம் வகுத்தது. அவ்வாறு வகுத்தபோது அதற்கு எல்லையும் விதித்தது.

வெட்சியின் துறைகளை வரிசையாக நோக்குவார்க்கு அவ்வெல்லை புலனாகும். நற்சொற் கேட்டலாகிய விரிச்சி, பகைவர் அறியாதவாறு போதலாகிய செலவு, ஒற்றறிந்து வருதலாகிய வேய், ஊரைச் சூழ்ந்து நிற்றலாகிய புறத்திறை, ஆநிரை கவர்தலாகிய ஆகோள், கவர்ந்த ஆக்களை வருத்தமின்றிச் செலுத்துதல், அவற்றைப் பங்கிடுதலாகிய பாதீடு, உண்டாட்டு, கொடை என அத்துறைகள் செல்கின்றன. இடையிலே ஊர்கொலையும் உண்டு. போரின் கொடுமையை இலக்கணம் மறைக்கவில்லை. எனினும் கொள்வது ஆநிரை. அதனைக் கொண்டபின் காப்பதும் கடமை. வெட்சிக்கு மறுதலையாக, இழந்த நிரையை மீட்கும் கரந்தையும் உடன் பேசப்படுகின்றது. கவர்ந்தோனுக்கும் மீட்டோனுக்கும் புகழ் ஒன்றே. இருவருள் இறந்தவனுக்குக் கல் நடப்பட்டது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006 ஆம் ஆண்டிற் கண்டெடுக்கப்பட்ட தமிழ்-பிராமி எழுத்துடைய நடுகற்களுள் ஒன்றில் ‘ஆகோள்’ என்னும் சொல்லே பொறிக்கப்பட்டுள்ளது. இலக்கண நூலிற் பயின்ற துறைப்பெயர் நாட்டுப்புறத்துக் கல்லிலும் வழங்கியமை இதனாற் பெறப்படும்.

நம் பொருளுக்கு இன்றியமையாத செய்தி அதே வெட்சிப் பகுதியில் உள்ளது. பெரும்போரிலே இன்ன வேந்தன் படை இதுவென்று தெரிந்துகொள்ளும் பொருட்டுச் சேரர் போந்தையும் பாண்டியர் வேம்பும் சோழர் ஆரும் சூடினர் என்று தொல்காப்பியர் காரணத்தோடு உரைக்கின்றார். போந்தை என்பது பனை. ஆர் என்பது ஆத்தி. போர்ப்பூவை அழகுக்கும் மரபுக்கும் உரியதாகவே நாம் பெரும்பாலும் எண்ணுகின்றோம். ஆசிரியரோ அதன் பயனைத் தெளிவாகச் சுட்டினார்: அஃது அடையாளம். பவியாவில் வீரர் அணிந்த சட்டை செய்த தொழிலையே தமிழ் மறவர் தலையிற் சூடிய பூவும் செய்தது. ஒரு வேறுபாடு உண்டு. வெண்சட்டை இருளிலும் தோன்றும். பனந்தோடும் வேப்பம்பூவும் இருளில் தோன்றா. ஆதலிற் பூவின் பயன் பகற்போரிலேயே சிறந்ததெனக் கொள்ளுதல் பொருந்தும். பகைவனின் கண்ணுக்கும் படும்படி தன் பக்கம் இதுவென்று அறிவித்துப் போர் செய்வோனின் அடையாளம் பூ. பகைவன் அறியுமுன் தாக்குவோனின் அடையாளம் சட்டை.

வடமொழி நூல்களும் இப்பொருளை ஆராய்ந்துள. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் வெளிப்படைப் போரையும் கூடயுத்தம் எனப்படும் வஞ்சனைப் போரையும் வேறு பிரித்துரைக்கும். இரவெல்லாம் சிறு தாக்குதல்களால் பகைவரை விழித்திருக்கச் செய்து, மறுநாட் பகலில் அவர் உறங்கும்போது தாக்கலாமென்றும், தோலுறை இட்ட யானைகளைக் கொண்டு இரவில் மோதலாமென்றும் அந்நூல் வழி கூறுகின்றது. அங்கே கேள்வி, வெற்றி கிட்டுமா என்பதே. அஃது அறமா என்னும் கேள்வியைக் கேட்பது மாபாரதம்.

சௌப்திக பருவத்தின் செய்தியை யாவரும் அறிவர். துரியோதனன் வீழ்ந்தபின் அசுவத்தாமன் ஆலமரத்தடியில் உறக்கமின்றி இருக்கின்றான். கிளைகளில் உறங்கிய காக்கைகளை ஒரு கூகை தனித்து வந்து கொல்வதைக் காண்கின்றான். அதுவே அவனுக்குப் பாடமாயிற்று. உறங்குவோரைக் கொல்லுதல் அறமன்றெனக் கிருபர் தடுத்தும் அவன் கேளாது பாண்டவர் பாசறையுட் புகுந்தான். திட்டத்துய்மனும் சிகண்டியும் பாஞ்சாலியின் மைந்தர் ஐவரும் மாண்டனர். இருளிலே திகைத்தெழுந்த வீரர் தம்மவரைத் தாமே வெட்டி வீழ்த்தினர் என்றும், தந்தை மகனை அறியவில்லை என்றும் கதை கூறுகின்றது. அடையாளம் அழிந்த இடத்தில் உறவும் அழிகின்றது என்பதை இதனினும் கொடிதாகச் சொல்லல் இயலாது. அசுவத்தாமன் பெற்றது வெற்றியன்று, சாபம். வள்ளுவரும் காக்கையையும் கூகையையும் ஒருங்கே எடுத்தாண்டார். ஆயின் அவர் கூறியது பகலிலே காக்கை கூகையை வெல்லும் என்பதாம். காலமறிதலுக்கு அவர் காட்டிய உவமையிற் பகல் வெற்றியே இடம்பெற்றமை எண்ணத்தக்கது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கண்டி இராச்சியத்தின் போர்முறை முழுவதும் எதிர்பாராத் தாக்குதலை அடிப்படையாகக் கொண்டது. 1660 ஆம் ஆண்டில் இதே கிழக்குக் கரையிலுள்ள கொட்டியாரத்தில் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்டு, ஏறத்தாழ இருபதாண்டுகள் கண்டி நாட்டிற் கழித்துத் தப்பிச் சென்ற இறொபேட்டு நொக்சு, 1681 இல் வெளியிட்ட நூலில் அதனை விளக்குகின்றார். கண்டியர் வெட்டவெளியில் நேர்நின்று பொருதலை விரும்பார். காட்டுவழியின் ஒடுங்கிய இடங்களிற் பதுங்கியிருந்து பகைவனை வீழ்த்துவர். நொக்சும் அவர் தந்தையும் பிடிபட்டது போரினாலன்று, நட்புரையை நம்பிக் கரையிறங்கியமையாலேயே.

கண்டியரின் இம்முறை 1803 இல் ஆங்கிலேயருக்குப் பெருங்கேட்டை விளைத்தது. அவ்வாண்டு கண்டியைப் பிடித்த ஆங்கிலேயர், மேஜர் டேவி என்பவரின் தலைமையிற் சிறு படையொன்றை அங்கே விட்டுச் சென்றனர். காய்ச்சலால் அப்படை நலிந்தது. யூன் 24 ஆம் நாள் விடியுமுன் கண்டியர் தாக்கினர். அன்றே சரணடைந்து திருகோணமலை நோக்கிப் புறப்பட்ட படையினரை, பெருக்கெடுத்தோடிய மகாவலி கங்கை வட்டப்புலுவையில் தடுத்தது. இரு நாட்களின் பின் அங்கே அவர்கள் கொல்லப்பட்டனர். மலைநாட்டில் வழியையும் பருவத்தையும் அறியாதவன் பகைவனின் வாளுக்கு முன் நாட்டின் இயற்கையாலேயே தோற்கின்றான்.

இதற்குப் பழிவாங்க ஆள்பதி பிரெடெரிக் நோர்த் 1804 இல் ஒரு திட்டம் வகுத்தார். தீவின் பல கரையோரக் கோட்டைகளிலிருந்தும் சிறு படைகள் ஒரே காலத்திற் புறப்பட்டு, பல திசைகளாலும் மலையேறிக் கண்டியில் ஒருங்கே கூடித் திடீரெனத் தாக்குதல் வேண்டும் என்பது அத்திட்டம். மட்டக்களப்பிலிருந்து செல்லவேண்டியவர் கப்டன் ஆதர் யோன்சுற்றன். செப்டெம்பரில் அவருக்கு முதலில் ஒரு கட்டளை வந்தது; பின்னர் இன்னொரு கடிதம் வந்தது. பின்னது முன்னதை நீக்குகின்றதா, திருத்துகின்றதா என்பது தெளிவாக இல்லை. திட்டம் கைவிடப்பட்டதென்பதை அறியாத யோன்சுற்றன் ஏறக்குறைய 300 வீரரோடும் சுமை தூக்குவோரோடும் புறப்பட்டார். வேடர் நாட்டைக் கடந்து, மகாவலியைத் தாண்டி, ஒக்டோபர் 6 ஆம் நாள் கண்டியுட் புகுந்தார். நகர் வெறிதாயிருந்தது. ஏனைய படைகளுள் ஒன்றேனும் வரவில்லை. சில நாள் அங்கே காத்திருந்தார். மழை தொடங்கியது, சுற்றிலும் மலைகளிற் கண்டியர் திரண்டனர். இனித் தாமதித்தால் டேவியின் முடிவே தமக்கும் நேருமென உணர்ந்து திருகோணமலை நோக்கித் திரும்பினார். காட்டுவழி நெடுகிலும் மரங்கள் வீழ்த்தப்பட்டு வழி அடைபட்டிருந்தது; இருபுறமிருந்தும் துப்பாக்கிகள் வெடித்தன. நோயுற்றோரையும் புண்பட்டோரையும் சுமந்து, ஒக்டோபர் மூன்றாம் வாரத்தில் எஞ்சியோர் திருகோணமலையை அடைந்தனர்.

யோன்சுற்றன் இச்செலவைப் பற்றி எழுதிய நூல் 1810 இல் இலண்டனில் வெளியாயிற்று. கண்டியரின் போர்முறை பற்றி அவர் தரும் செய்திகள் நடுநிலையானவை. கண்டி வீரன் ஒவ்வொருவனும் 15 நாளுக்கு வேண்டிய உணவைத் தானே கொணர்வான். ஒரு தாளிப்பனை ஓலையே அவனுக்குக் கூடாரம். வண்டியும் வேண்டா, களஞ்சியமும் வேண்டா. இவ்வாறு இலகுவாக இயங்குவோரை எதிர்பாராது தாக்குதல் அரிது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இந்நிகழ்ச்சியை மேலே கூறிய உண்மையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கண்டியை நோக்கிய 1804 ஆம் ஆண்டுத் தாக்குதல் பகைவனுக்கு மறைவாகவே தொடங்கியது. யோன்சுற்றன் தலைநகரை அடைந்தும் விட்டார். ஆயினும் தாக்குவோர் ஒருவருக்கொருவர் மறைந்து போயினர். திட்டம் மாறியமை ஒருவருக்குத் தெரிய, மற்றவருக்குத் தெரியவில்லை. இங்கே குறைந்தது வெள்ளைச் சட்டையன்று, தெளிவான ஒரு வாக்கியம். பதினோராண்டு கழித்து 1815 இல் ஆள்பதி பிறவுன்றிக் ஏறத்தாழ அதே திட்டத்தை மேற்கொண்டார். அப்போதும் மட்டக்களப்பிலிருந்து ஒரு பிரிவு சென்றது. ஆயின், யோன் டொயிலி என்பவர் பல்லாண்டுகளாகத் திரட்டிய ஒற்றுச் செய்திகளும், எகலப்பொல முதலிய கண்டிப் பிரதானிகளின் உடன்பாடும் இம்முறை துணை நின்றன. பெப்ரவரி 18 ஆம் நாள் மன்னன் சிறைப்பட்டான். மார்ச் 2 ஆம் நாள் கண்டி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. வேய் என்னும் துறையைப் புறத்திறைக்கும் ஆகோளுக்கும் முன் வைத்த தொல்காப்பியர் நெறி இங்கே மெய்யாயிற்று.

கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தெற்கு நோக்கி நீளும் நம் கரைக்கு இவ்வரலாறு பொழுதுபோக்குச் செய்தியன்று. போர்த்துக்கேயர் தம் ஆட்சிப்பகுதியிலிருந்து துரத்திய முஸ்லிம்களுள் ஏறத்தாழ 4,000 பேரை 1626 ஆம் ஆண்டிற் கண்டியரசன் செனரத் மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் எனக் குவேறோசு பாதிரியார் எழுதியுள்ளார். துரத்தப்பட்டோர்க்கு இடமளித்த நிலம் இது. ஒரே வாய்க்கால் நீரில் தமிழர் வயலும் முஸ்லிம்கள் வயலும் விளைகின்றன. ஓர் ஊரின் எல்லை முடியுமிடத்தில் மற்றோர் ஊரின் எல்லை தொடங்குகின்றது. இரு சாராரின் தாய்மொழியும் தமிழே.

அத்தகைய நிலத்தில் 1990 ஓகஸ்ட் மாதத்தில் நிகழ்ந்தவற்றை வரலாறு எழுதுவோர் தாண்டிச் செல்லல் ஆகாது. அம்மாதம் 3 ஆம் நாள் இரவு காத்தான்குடியில் இரு பள்ளிவாசல்களிற் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளாற் சுட்டுக் கொல்லப்பட்டனர். 11 ஆம் நாள் இரவு ஏறாவூரில் உறங்கிக்கிடந்த முஸ்லிம் குடும்பங்கள் தாக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 12 ஆம் நாள் சம்மாந்துறையை அடுத்த வீரமுனையில், பிள்ளையார் கோயிற் சூழலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் பலர் ஊர்காவற் படையினர் முதலானோராற் கொல்லப்பட்டனர். பள்ளிவாசலும் கோயிலும் அரணாகவில்லை.

இவற்றைக் கமிசாடோ என்று கூறலாமோ? கூறலாகாது. இருளும் திடீர்ப் பாய்ச்சலும் ஒத்திருக்கலாம். ஆயின் கமிசாடோ படை மேற் படை செய்வது. பவியாவில் உறங்கியவனின் தலைமாட்டிலும் வாள் இருந்தது. வெட்சி மறவன் கவர்ந்தது ஆநிரையை. அவனை எதிர்த்து வரக் கரந்தை மறவன் இருந்தான். போர் தொடுக்குமுன் ஆவையும் பெண்டிரையும் பிணியாளரையும் விலகிப் போகுமாறு அறிவித்தலைப் பாண்டியன் முதுகுடுமியின் அறமாகப் புறநானூற்றுப் புலவர் போற்றினார். ஆயுதமற்றோரை இரவிலோ பகலிலோ கொல்லுதற்குத் தமிழர் போரிலக்கணத்தில் ஒரு துறை இல்லை. ஒரு பூவும் இல்லை.

மற்றுமொரு வேறுபாட்டையும் குறித்தல் வேண்டும். வெண்சட்டையும் போர்ப்பூவும் தாக்குவோன் தானே அணிந்த அடையாளங்கள். தன்னவன் ஒருவனும் தன் கையால் மடியலாகாது என்பதற்காக அவற்றை அணிந்தான். இனப்பகையால் நிகழும் கொலையிலோ அடையாளம் தாக்குவோன் உடலில் இல்லை. தாக்கப்படுவோனிடத்தில் அது தேடப்படுகின்றது. அவன் பெயர், அவன் உடை, அவன் தொழுத இடம் என்பவையே அவனைக் கொல்லுதற்குப் போதிய சான்றாகக் கொள்ளப்படுகின்றன. உயிரைக் காக்கத் தோன்றிய அடையாளம் உயிரைப் பறிக்கும் குறியாக மாறுகின்றது. பாசறைக்குள் தந்தை மகனை அறியாது வெட்டிய அந்த இரவே, பொதுமொழி பேசும் அயலவரிடையே வேறோர் உருவில் மீண்டும் வந்தது எனலாம்.

கமிசாடோ என்னும் சொல் மறைந்தமையால் உலகுக்கு இழப்பொன்றுமில்லை. ஆயினும் அச்சொல் தன்னுள் அடக்கியிருந்த எச்சரிக்கையை மாணவர் மறத்தலாகாது. அயலவனை அறிதல் என்பது அமைதிக் காலத்திற் செய்யவேண்டிய வேலை. இருள் சூழ்ந்தபின் அது கைகூடாது. 1990 ஆம் ஆண்டின் இரவுகளை நேரிற் கண்ட முதியோர் நிந்தவூரிலும் காரைதீவிலும் வீரமுனையிலும் சம்மாந்துறையிலும் இன்னும் வாழ்கின்றனர். அவர்கள் வாய்மொழிகளை, எச்சாரார் துயரையும் மறையாமல், எச்சாரார் பிழையையும் குறையாமல், நாளும் இடமும் குறித்து எழுதித் தொகுத்தல் நம் பாடசாலைகளின் வரலாற்று மாணவர் ஆற்றத்தக்க பணியாகும். இரு ஊர் மாணவரும் ஒருங்கே சென்று அதனைச் செய்வாராயின், அத்தொகுப்பு நூலினும் அப்பணியே பெரும்பயன் தரும்.